பதினான்காவது குடுவை

ஜூன் 5, வியாழன்

என்னிடம் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று லேப் நோட்டு. அதில் பேனாவால்தான் எழுத வேண்டும். பக்கம் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அடித்தது என்னவென்று கடைசிவரை வாசிக்க முடிய வேண்டும். இது எங்கள் நெறியாளர் நயினார் சாரின் சட்டம். இன்னொன்று இந்த நாட்குறிப்பு. இதில் என்ன வேண்டுமானாலும் கிறுக்கலாம், கேட்க ஆளில்லை.

இன்று பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. மார்ச்சில் அனுப்பிய கட்டுரை. மதிப்பீட்டாளர் நன்றாக இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிவிட்டு, மூன்றாவது வரியில் கழுத்தில் கைவைத்திருக்கிறார். 'ஒரே ஒரு தயாரிப்பை வைத்துப் பேசுகிறீர்கள். இன்னொருவர் கையால் செய்து, அதே முடிவு வருகிறதா என்று காட்டுங்கள். அறுபது நாள்.' புண்ணியவான்.

விஷயம் இதுதான். பாலிதயோஃபீன் என்பது மின்சாரம் கடத்தும் பாலிமர். நீளமான சங்கிலி, அழகான சிவப்பு, ஆனால் முரட்டு ஜென்மம். படலமாக ஊற்றினால் விரிசல் விடும், வளைத்தால் ஒடியும். அதன் முதுகில் வழிநெடுக அக்ரிலிக் கிளைகளை வளர்த்துவிட்டால் மின்சாரமும் கடத்தும், வளைந்தும் கொடுக்கும். ஒட்டு மாமரம் மாதிரி ஒட்டுப் பாலிமர். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. எனக்குப் பதின்மூன்று குடுவைகள் ரப்பர் கட்டியாக உறைந்து நாசமாயின. பிப்ரவரி 12 அன்று பதினான்காவது குடுவை வந்தது. மெத்தனாலில் ஊற்றியபோது கருஞ்சிவப்பு நூலாக இறங்கியது. அதை வைத்துத்தான் கட்டுரை எழுதினோம்.

சார் யோசிக்கவே இல்லை. "ஜெபராணி செய்யட்டும்மா. உன் நோட்டு இருக்குல்லா, அதப் பாத்து அப்படியே செய்யச் சொல்லு" என்றார்.

ஜெபராணி அக்கா வள்ளியூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. நாற்பத்தொரு வயது. பகுதிநேர ஆய்வாளர் என்பதால் சனி, ஞாயிறு மட்டும் பஸ் ஏறித் திருநெல்வேலி வருவார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், லேபில் எனக்கு ஜூனியர். பட்டம் வாங்கினால்தான் அவருக்கு வேலை நிரந்தரம். ஜூலை 21 அன்று ஆய்வுக்குழு அவரைக் கூப்பிட்டிருக்கிறது. காட்ட ஒரு முடிவும் இல்லையென்றால் பதிவை ரத்து செய்துவிடுவார்கள்.

எனக்கும் கட்டுரை வெளிவந்தால்தான் ஆய்வேடு கொடுக்க முடியும். ஐந்து வருடம் எட்டு மாதம் ஆயிற்று. ஆக, இரண்டு பேர் தலையும் ஒரே குடுவைக்குள் இருக்கிறது.

ஜூன் 7, சனி

அக்கா வந்ததும் என் நோட்டை விரித்து, வேதப்புத்தகம் வாசிப்பதுபோல விரல்வைத்து வரிவரியாக வாசித்தார்.

"'செப்பு புரோமைடை அசிட்டிக் அமிலத்தில் கழுவி, ஆல்கஹாலில் அலசி, வெற்றிடத்தில் உலர்த்தியது. வெள்ளைத் தூள்.' எத்தன தடவ கழுவின இசக்கி?"

"மூணு தடவைக்கா."

"நான் அஞ்சு தடவ கழுவிருதேன். நம்ம பேர்ல ஒரு கொற இருக்கக் கூடாதுல்லா."

கழுவினார். சாயங்காலம் மல்லிகைப் பூ மாதிரி வெள்ளையாக வந்தது. கிளை வளர வைக்கும் உப்பு இதுதான். குடுவையில் துளிக் காற்று இருந்தாலும் வேலை கெடும் என்பதால், திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, காற்றை உறிஞ்சி, உருக வைக்க வேண்டும். மூன்று முறை என்று நோட்டில் இருக்கிறது. அக்கா நான்கு முறை செய்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ரப்பர் கட்டியாக உறைந்துவிட்டது. குடுவையைக் கவிழ்த்துப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழவில்லை. முதல் தடவைதானே, கைப்பழக்கம் வேண்டாமா. எனக்கே பதின்மூன்று தடவை ஆகவில்லையா.

ஜூன் 11, புதன்

மெஸ்ஸில் மூன்றாவது நாளாக உப்புமா. ஆய்வேட்டின் இரண்டாவது அத்தியாயத்தில் மேற்கோள் எண்கள் எல்லாம் இடம் மாறி ஓடிவிட்டன. நாள் முழுக்க ஆடு மேய்ப்பதுபோல அவற்றை ஓட்டிக் கொண்டுவந்து பட்டியில் அடைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டாவது குடுவையும் உறைந்தது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதால் காற்றில் ஈரம், அதுதான் காரணம் என்றேன். சார் அக்காவின் பஸ் தூசிதான் காரணம் என்றார். அக்கா குடுவையை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே நின்றுபோன சிவப்புக் கட்டியை வெகுநேரம் பார்த்தார்.

"இசக்கி, நோட்டுல எழுதாம வேற ஏதும் செஞ்சியா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லு. நமக்கு அது பெருசாத் தோணாது, ஆனா இருக்கும்."

"இல்லக்கா. எல்லாம் அதுல இருக்கு."

"அப்ப என் கைதான்" என்றார்.

இருக்கலாம். வகுப்பெடுக்கிற கை வேறு, குடுவை பிடிக்கிற கை வேறு. இதைச் சார் ஒருமுறை சொன்னார், நான் சொல்லவில்லை.

முதுகெலும்புப் பாலிமர், அதாவது கிளைகளைத் தாங்கும் பாலிதயோஃபீன், நான் நான்கு மாதம் மெனக்கெட்டுச் செய்தது. தொள்ளாயிரம் மில்லிகிராம் இருந்தது. குடுவைக்கு நூற்றைம்பது போகிறது. டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கரண்டியை உள்ளே விடுகிறார்.

ஜூன் 17, செவ்வாய்

ரசாயன அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். ரொம்ப நாளாகச் செய்ய நினைத்த வேலை. லேபிள் உதிர்ந்தவை, மூடி இறுகியவை, யார் காலத்துப் பாட்டில் என்றே தெரியாதவை என்று இரண்டு தட்டு நிறைய இருந்தன. பழைய செப்பு புரோமைடு பாட்டிலைக் கீழ்த்தட்டில் பின்வரிசைக்குத் தள்ளி வைத்தேன். முன்னால் இருந்தால் யாராவது தெரியாமல் எடுத்துவிடுவார்கள் அல்லவா. வேறு காரணம் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

மூன்றாவது குடுவை முழுக்க உறையவில்லை, அரைகுறையாகத் தளதளவென்று இருந்தது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். கரைத்து எடுத்துக்கொண்டு ஜிபிசி அறைக்கு ஓடினார், நானும் பின்னால் போனேன். ஜிபிசி என்பது பாலிமர்ச் சங்கிலிகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி. அதைப் பார்த்துக்கொள்பவர் பட்டுராஜ் அண்ணாச்சி. கருவிக்குள் ஊசி போடுவதற்கு முன் கரைசலைச் சின்ன வடிகட்டியில் அழுத்தி வடித்துக் கொடுக்க வேண்டும். அக்கா ஊசிக்குழலை அழுத்தினார், அசையவில்லை. நெஞ்சோடு வைத்து அழுத்தினார். வடிகட்டி பட்டென்று தெறித்து, சேலையெல்லாம் சிவப்பு.

"மேடம், இதுல பாதி வலையா கோத்துக் கெடக்கு. இத என் மிஷினுக்குள்ள உட்டா, நாளைக்கு எனக்குப் பிள்ளைகுட்டிக்குச் சோறு கெடயாது" என்றார் அண்ணாச்சி. கெட்டவர் இல்லை, கருவியின்மேல் உயிர்.

அக்கா முகம் கழுவிவிட்டு வருவதாகப் போனார். நான் கழிவறை வாசலில் நின்றேன். உள்ளே குழாய் வெகுநேரம் ஓடியது. தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒருமுறை வரும் கட்டடத்தில் இப்படியா திறந்துவிடுவது. இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஜூன் 28, சனி

சார் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார்.

"ஜெபராணி, நான் ஒளிச்சுப் பேச மாட்டேன். இசக்கிக்கு வந்துது, ஒனக்கு வரல. அதே நோட்டு, அதே சாமான். இருபத்தொண்ணாந்தேதி கமிட்டில கேட்டாங்கன்னா நான் என்ன சொல்லட்டும்?"

"இன்னும் ஒரு தடவ செய்தேன் சார்."

"செய்யி. முடியலன்னா மனசு விட்டுராத. எல்லாருக்கும் எல்லாம் வராது. என்ன இசக்கி?"

நான் தலையாட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அந்த மாதிரி ஆட்டினேன்.

ஜூன் 29, ஞாயிறு

நான்காவதும் உறைந்தது.

ஜூலை 2, புதன்

சரி. கேட்க ஆளில்லாத நோட்டில்கூட எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது.

பிப்ரவரி 12. சார் மறுநாள் வெளியூர் கிளம்ப வேண்டும், போகுமுன் குடுவை ஏறியிருக்க வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். குடுவையில் காற்றுக்குப் பதிலாக நிரப்பும் ஆர்கான் வாயு சிலிண்டரில் முள் அடிமட்டத்தில் நின்றது, அடுத்த சிலிண்டர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பார்த்தால் கழுவிய செப்பு உப்பு தீர்ந்துபோயிருந்தது. கழுவி உலர்த்த ஒரு நாள் முழுக்க வேண்டும். கீழ்த்தட்டில் பழைய பாட்டில் ஒன்று இருந்தது. திறந்து பார்த்தேன். காற்றுப் பட்டுப் பட்டு, மேலெல்லாம் குளத்துப் பாசிபோலப் பச்சை பூத்துக் கிடந்தது. கெட்டுப்போன உப்பு. எம்.எஸ்ஸி. பிள்ளைகூடத் தொடாது. நான் ஒரு கரண்டி அள்ளிப் போட்டேன். எப்படியும் உறையப் போகிறது, பதின்மூன்றோடு பதினான்கு என்று நினைத்துத்தான் போட்டேன்.

உறையவில்லை.

நோட்டில் எழுத உட்கார்ந்தபோது கை தானாக எழுதியது: 'கழுவி, அலசி, உலர்த்தியது. வெள்ளைத் தூள்.' பதின்மூன்று தடவை எழுதிய வரி. அடுத்த நாள் அடித்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் சார் ஊரிலிருந்து போன் போட்டு, "ஏம்மா, சாதிச்சிட்டியே" என்றார். ஐந்து வருடத்தில் முதல்முறை. அப்புறம் எப்படி அடிப்பது?

அதற்குப் பிறகு நான் பதினைந்தாவது குடுவை போடவே இல்லை. ஆய்வேடு எழுத நேரம் வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அது இல்லை. குப்பையைப் போட்டு வந்த முடிவு குப்பையாகத்தான் இருக்கும் என்ற பயம். கிளையும் முதுகெலும்பும் ஒட்டாமல், சும்மா கலந்து கிடக்கிறதோ என்னவோ. கட்டின மாலையா, உதிரிப் பூவை அள்ளிப் போட்டதா என்று உதறிப் பார்த்தால்தானே தெரியும். நான் உதறிப் பார்க்கவில்லை.

இல்லாத ஒன்றைத் தேடி, அக்கா நான்கு வாரமாக வள்ளியூர் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருக்கிறார்.

ஜூலை 5, சனி

அக்கா வரவில்லை. சின்ன மகளுக்குக் காய்ச்சலாம். செய்தியைப் பார்த்ததும் 'அப்பாடா' என்று இருந்தது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேர். உள்ளூர் விடுமுறை. ஊரே ரதவீதியில் வடம் பிடிக்கப் போய்விட்டது. லேபில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நம்பி வந்தேன். வந்தால் அக்கா உட்கார்ந்திருக்கிறார். அவர் கல்லூரிக்கும் விடுமுறை.

"நீயும் வந்துட்டியா? நல்லதாப் போச்சு. இதப் படிச்சுப் பாரு, தப்பு இல்லாம இருக்கான்னு."

ஒரு தாளை நீட்டினார். ஆய்வுப் பதிவைத் தானே விலக்கிக்கொள்வதாகக் கடிதம். குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று போட்டிருந்தார்.

"ஏங்கா இது?"

"அவங்க ரத்து பண்ணுனா கேவலம்லா. நானே போயிட்டா மரியாத." சிரித்தார். "எல்லாம் செஞ்சு பாத்துட்டேன் இசக்கி. கையுறை மாத்துனேன். சோப்பு மாத்துனேன். எண்ணெப் பிசுக்கு எதும் உள்ள போகுதோன்னு மூணு வாரமாத் தலைக்கு எண்ணெகூட வைக்கல, பாரு."

பார்த்தேன். தலைமுடி வறண்டு, காய்ந்த தேங்காய் நார் மாதிரி பறந்துகொண்டிருந்தது. நான் இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. அடப்பாவி இசக்கி, என்று எனக்குள்ளே கேட்டது.

"அக்கா, நான் கழுவல."

"என்னது?"

"செப்பு உப்ப. அன்னைக்கு நான் கழுவல. பழைய பாட்டில், பச்ச பூத்தது, அப்படியே போட்டேன். நோட்டுல பொய் எழுதிட்டேன். ஒங்க கைல ஒண்ணும் இல்லக்கா. பதினாலாவது குடுவையே பொய்யோ என்னவோ."

அக்கா எழுந்திருக்கவில்லை. கத்தவில்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்தார். அப்புறம்தான் வந்தது.

"ஏட்டி, நான் ஒங்கிட்ட கேட்டேன்லா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுன்னு கேட்டேனா இல்லியா?"

"கேட்டீங்க."

"அன்னைக்கு பாத்ரூமுல குழாயத் தொறந்துவிட்டு நான் அழுதேன். வெளிய வந்தா நீ வாசல்ல நிக்க. ஒனக்குக் கேட்டுதா, கேக்கலையா?"

எனக்குப் பொய் சொல்லி அலுத்துவிட்டது, உண்மை சொல்ல வாய் வரவில்லை.

"நாப்பத்தொரு வயசுல ஒரு பொம்பள தன் கையையே சந்தேகப்பட்டுக்கிட்டு நடந்தாட்டி. கிளாசுல சாக்பீசு எடுக்கக்கூட இந்தக் கை நடுங்குச்சு. நீ நல்லா இருப்ப." கைப்பையைத் தோளில் மாட்டினார். "நாளைக்கு சார்ட்ட நீயே சொல்லு. என் வாயால சொல்ல மாட்டேன். சொல்லலன்னா, அப்பமும் நான் சொல்ல மாட்டேன். அது ஒன் பாடு."

போய்விட்டார். 'நீ நல்லா இருப்ப' என்பது எங்கள் ஊரில் வாழ்த்து இல்லை.

ஆனாலும் ஒன்று எழுத வேண்டும். ஐந்து மாதத்துக்குப் பிறகு இன்று மத்தியானம் பசித்துச் சாப்பிட்டேன்.

ஜூலை 9, புதன்

காலை ஒன்பதரைக்குச் சார் அறை. நோட்டைப் பிப்ரவரி 12 பக்கத்தில் விரித்து மேஜையில் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று பல் தேய்க்கும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன்.

சார் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"கழுவாமயா போட்ட?"

"ஆமா சார்."

"எந்த பாட்டிலு?"

"கீழ்த்தட்டுல பழசு ஒண்ணு இருக்கும்லா சார். மேல பச்ச பூத்தது."

இடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால் சார் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எவ்வளவு பச்ச?"

"சார்?"

"எவ்வளவு பச்சன்னு கேக்கேன்மா. லேசாவா, நல்லாவா?"

"நல்லா சார். பாசி மாதிரி."

எழுந்தார். அறைக்குள் செருப்பைக் கழற்றிப் போட்டிருப்பார், அதை மாட்டக்கூட இல்லை. வெறுங்காலோடு லேபுக்கு ஓடினார். கீழ்த்தட்டின் முன் குந்தி உட்கார்ந்து, பின்வரிசையில் நான் ஒளித்த பாட்டிலை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முட்டாளு" என்றார். நான் தலைகுனிந்தேன். "ஒன்னச் சொல்லல. என்னச் சொன்னேன். கழுவு கழுவுன்னு உசிர எடுத்தவன் நான்தான?"

பலகையில் எழுதிக் காட்டினார். வெள்ளைச் செப்பு, கிளையை வளர் வளர் என்று விரட்டும். காற்றுப் பட்டுப் பச்சையான செப்பு, பிடித்து நிறுத்தும். வண்டிக்கு ஆக்சிலேட்டரும் பிரேக்கும் போல. ஒற்றைச் சங்கிலி வளர்க்கும்போது பிரேக் போகிற போக்கில் தானே உண்டாகிவிடும். இங்கே ஒரே முதுகில் நூறு கிளை நெருக்கியடித்து முளைக்கிறது. பிரேக் உண்டாவதற்குள் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் கைகோர்த்து வலையாகி உறைந்துவிடும். நாங்கள் அந்தப் பிரேக்கைத்தான் மூன்று முறை கழுவி வெளியே ஊற்றினோம். அக்கா பாவம், ஐந்து முறை கழுவி ஊற்றினார். கரைசல் முழுக்க முதுகெலும்பின் சிவப்பு என்பதால் உள்ளே பச்சை இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கும் தெரியாது.

இது எம்.எஸ்ஸி. தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி. நான் ஒன்பது வாங்கினேன். பார்க்கப் பயந்த இடத்தில் புத்தி எங்கே வேலை செய்யும்.

சாக்பீசைப் போட்டுவிட்டுச் சார் என் பக்கம் திரும்பினார்.

"இப்பதாம்மா எனக்குக் கோவம் வருது" என்றார்.

வந்தது. அதை இங்கே எழுதவில்லை. எல்லாம் எனக்கு வேண்டியதுதான்.

ஜூலை 12, சனி

அக்கா வந்தார். என்னிடம் பேசவில்லை. சாரிடம் மட்டும், "பதில் தெரியாமப் போகக் கூடாதுன்னு வந்தேன் சார்" என்றார்.

முதுகெலும்பு முந்நூறு மில்லிகிராம்தான் பாக்கி. மூன்று சின்னக் குழாய்களாகப் பிரித்தார். முதல் குழாய்: கழுவிய வெள்ளை. இரண்டாவது: பழைய பாட்டில் பச்சை, அப்படியே. மூன்றாவது: கழுவிய வெள்ளையோடு, பத்தில் ஒரு பங்கு பச்சைச் செப்பைத் தனியாக அளந்து சேர்த்தது. தனிப் பாட்டிலில் தூளாக வரும் அது பார்க்கக் கறுப்பாக இருக்கும், கரைத்தால் பச்சை. அளந்தது அக்கா, உறையவைத்து உருகவைத்தது அக்கா. எனக்கு ஒரு வேலை கொடுத்தார். ஜூனில் உறைந்துபோன நான்கு குடுவைகளைச் சுரண்டிக் கழுவும் வேலை. ரப்பர் கட்டி எதிலும் கரையாது, வளைந்த கம்பியால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு பேச்சும் பேசாமல் நோண்டினேன்.

பத்தரைக்கு எண்ணெய்த் தொட்டியில் குழாய்களை இறக்கினோம். மூன்றரைக்கு எடுக்க வேண்டும். அக்கா நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டார். சார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதோ சாக்கில் உள்ளே வந்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றரை. அக்கா முதல் குழாயை எடுத்துச் சாய்த்தார். அசையவில்லை. இரண்டாவது. சாய்த்தார். சிவப்பு மெல்லத் தேன்போல இறங்கி, மூடிவரைக்கும் வந்தது. மூன்றாவதைக் கையில் எடுத்து அப்படியே வைத்திருந்தார். அது அவர் அளந்து போட்டது.

"சாய்ங்கக்கா" என்றேன். பேசக் கூடாது என்பதை மறந்துவிட்டேன்.

சாய்த்தார். ஓடியது.

"ஓடுதுட்டி! ஏசுவே, ஓடுது பாரு!" என் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்புறம் நான் யார் என்று ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டார். எடுக்கட்டும். ஒரு நொடி பிடித்தாரே.

ஜூலை 14, திங்கள்

அக்கா கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். முழுக் கையையும் வைத்து அழுத்தத் தயாராக ஊசிக்குழலைப் பிடித்தார். கரைசல் சர்ரென்று வடிகட்டியைத் தாண்டி ஓடியதில் தடுமாறிவிட்டார்.

ஜிபிசிக்கு இரண்டு கண்கள். ஒன்று கடந்துபோகும் எல்லாவற்றையும் பார்க்கும். இன்னொன்று சிவப்பை மட்டும், அதாவது முதுகெலும்பை மட்டும் பார்க்கும். கிளை சும்மா கலந்து கிடந்தால் முதல் கண்ணில் தனி மேடு தெரியும், இரண்டாவதில் அது இருக்காது. ஒட்டியிருந்தால் இரண்டு கண்ணிலும் ஒரே மேடு, ஒரே இடத்தில். மூன்று மாதிரிகள் கொடுத்தோம். அக்காவின் இரண்டு, மூன்றாவது என் பதினான்கு.

நாற்பது நிமிடம் ஓட வேண்டும் ஒவ்வொன்றும். அண்ணாச்சி கோடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் திரையைத் திருப்பினார்.

"ரெண்டு கோடா இது? ஒண்ணாட்டுல்லா இருக்கு" என்றார்.

அக்காவின் இரண்டிலும் ஒன்றாகத்தான் இருந்தது. கடைசியாகப் பதினான்கு. அதிலும். ஒட்டித்தான் இருந்தது. பிப்ரவரியிலிருந்தே ஒட்டித்தான் இருந்திருக்கிறது. உட்கார நாற்காலி தேடினேன், இல்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி தண்ணீர் கொடுத்தார். அக்கா திரையை விட்டுத் திரும்பாமலே சொன்னார்.

"மொதல்லயே சொல்லியிருந்தா, ஒனக்கும் இந்த அஞ்சு மாசம் தூக்கம் கெட்டிருக்காது."

ஜூலை 16, புதன்

சார் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். செய்முறை தவறாகப் பதிவாகியிருந்தது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், திருத்தி அனுப்புவோம் என்று. புதிய கட்டுரையில் முதல் பெயர் ஜெபராணி. இரண்டாவது நான். என் ஆய்வேடு டிசம்பருக்குத் தள்ளிப் போகிறது. மூன்று வாக்கியம், சார் மூன்றையும் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சரி சார் என்றேன். அழுகை வரும் என்று கைக்குட்டையோடு போயிருந்தேன், வரவில்லை.

பிறகு நோட்டை நீட்டினார். பிப்ரவரி 12. 'கழுவி, அலசி, உலர்த்தியது. வெள்ளைத் தூள்' என்ற வரியின்மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். மேலே, 'கழுவவில்லை. பழைய பாட்டில். பச்சை' என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்து, இன்றைய தேதி. பழைய வரி கீழே பளிச்சென்று தெரிகிறது. தெரியத்தான் வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

அக்காவின் குழு அரைமணி நேரத்தில் முடிந்தது. பதிவு தொடர்கிறது. ஹாஸ்டலுக்கு வரும் வழியில் அல்வா வாங்கினேன், யாருக்கு என்று தெரியாமலே கால் கிலோ.

ஜூலை 26, சனி

தீர்ந்துபோன முதுகெலும்பை மறுபடி செய்யத் தொடங்கியிருக்கிறேன். இன்னும் நான்கு மாதம். காலையில் அக்கா உள்ளே வரும்போதே தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. படிய வாரி, இரட்டை மடிப்புப் பின்னல், எண்ணெய் வழிய வழிய வைத்திருந்தார்.

அல்வா மிச்சத்தை மேஜையில் வைத்தேன். ஒரு துண்டு எடுத்தார். ஐந்து நாள் பழசு, கல்லாகியிருந்தது.

"இதும் ஒன் குடுவ மாதிரி ஒறஞ்சிட்டுட்டி" என்றார். மென்று தின்றார்.

பிறகு தன் லேப் நோட்டைத் திறந்து என் முன் தள்ளினார். மூன்று குழாய்களின் பக்கம். எங்கள் லேபில் ஒவ்வொரு முடிவுக்கும் கீழே சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும். கூட இருந்து பார்த்தவர் போட வேண்டியது. சார் போடலாம், யார் வேண்டுமானாலும் போடலாம்.

நான் பேனாவை எடுத்து நேரே கீழே போனேன்.

"ஏட்டி, நில்லு. வாசிச்சுட்டுப் போடு."

வாசித்தேன். விரல்வைத்து, வரிவரியாக. வெள்ளை எத்தனை, பச்சை எத்தனை, எத்தனை மணிக்கு இறக்கியது, எது உறைந்தது, எது ஓடியது. மூன்றாவது வரியில், 'நான்கு பழைய குடுவைகளைக் கழுவியது: இசக்கியம்மாள்' என்றுகூட இருந்தது. எல்லாம் நடந்தது நடந்தபடி இருந்தது.

கையெழுத்துப் போட்டேன். தேதி சரியா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.